கண்ணால் கண்டதும் காணாதவர்கள் சொன்னதும்

2007 மே 3 இரவு போர்ச்சுகலின் பிரையா டா லூஸில் விடுமுறைக் குடியிருப்பிலிருந்து பிரிட்டிஷ் சிறுமி மேடலின் மெக்கான் காணாமல் போனாள். நான்காவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பதேகால் மணியளவில் ஓர் ஆள் பைஜாமா அணிந்த குழந்தையை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்ததைக் கண்டதாகப் பெற்றோரின் தோழி ஒருவர் சொன்னார். அந்த உருவம் ஓவியமாகி உலகெங்கும் சுற்றியது.

2013இல் லண்டன் போலீஸ் அறிவித்தது: அந்த ஆள் பெரும்பாலும் இரவுக் காப்பகத்திலிருந்து தன் மகளைத் தூக்கிச் சென்ற சுற்றுலாப் பயணி. ஆக, தோழி கண்டது நிஜம். அதற்கு எல்லோரும் கொடுத்த அர்த்தம்தான் தவறு. பத்து மணியளவில் ஐரிஷ் குடும்பம் ஒன்று கண்ட இன்னொரு ஆளின் பக்கம் கவனம் திரும்ப ஆறு ஆண்டுகள் ஆயின. அந்தச் சாட்சியமோ 2007இலேயே கிடைத்தது! இதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சாட்சி மீது எனக்குக் கோபமே இல்லை. அவர் கண்டதைச் சொன்னார். எதையுமே காணாதவர்கள் பேசியதுதான் ஆறவில்லை. தாய் அழுத விதத்தை வைத்துத் தீர்ப்பெழுதினார்கள். பெற்றோரையே கொலைகாரர்கள் போலச் சித்திரித்த பிரிட்டிஷ் நாளிதழ்கள் 2008 மார்ச்சில் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு 5,50,000 பவுண்டு கொடுத்தன. பெற்றோர் அதை மகளைத் தேடும் நிதியில் சேர்த்தார்கள்.