நான்கு சிவப்பு வரிகள்

பட்டாளத்தில் சிவப்பு மை என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. சிப்பாய்க்குக் கிடைக்கும் தண்டனைகளில் கொஞ்சம் பெரியவை, அவருடைய தாளில் நிஜமாகவே சிவப்பு மையில் ஏறும். ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்பார்கள். அப்படி நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கோர்ட் மார்ஷல் தேவையில்லை, 1954-ம் வருட ராணுவ விதிகளில் 13-வது விதி போதும். எழுதப்படும் காரணமும் மரியாதையாகவே இருக்கும்: சேவை இனி தேவையில்லை.

சித்தப்பாவுக்கு நான்கு. லீவு முடிந்து நேரத்துக்குத் திரும்பாதது மூன்று முறை, குடி ஒரு முறை. 1991-ல் சேர்ந்தவரை 2004-ல் அனுப்பினார்கள். மொத்தம் 13 வருஷம் 4 மாசம். சிப்பாய் பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். இருபது மாசம் குறைச்சல்.

‘ரிட்டயர்ட் ஆயிட்டாரு’ என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தோம். வேலூர்ப் பக்கம், தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊரில் அதை யார் நம்புவார்கள்? கேன்டீன் கார்டு இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சித்தப்பா ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். மாசம் பிறந்தால் அவரோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் அங்கேதான் பென்ஷன் எடுக்க வருவார்கள். கதவைத் திறந்துவிடுவார்.

அவர் தப்பே செய்யவில்லை என்று நான் எழுத வரவில்லை. அவரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குப் பிடிபடாதது கணக்குதான். நான்கு சிவப்பு வரியை எண்ணியவர்கள், அந்தப் பக்கம் இருக்கிற 13 வருஷத்தை ஏன் எண்ணவில்லை?

இதை எண்ணச் சொல்லி ராணுவத் தலைமையகமே எழுதி வைத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட கடிதம். நான்கு என்ட்ரி விழுந்தால் அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. முதலில் விசாரணை வைக்க வேண்டும். எத்தனை வருஷம் உழைத்தார், எந்த மாதிரி கஷ்டமான இடங்களில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது. வெறும் நோட்டீஸ் கொடுத்துப் பதில் வாங்குவது விசாரணை ஆகாது என்றது. பென்ஷனுக்குத் தேவையான காலம்வரை அவர் வேலையில் இருந்ததாகவே கருத வேண்டும், ஆனால் பழைய சம்பளம் கிடையாது என்று தீர்ப்பு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. செய்த தப்பு அழியவில்லை. செய்த வேலையும் அழியவில்லை.

சித்தப்பாவுக்கும் நோட்டீஸ்தான் வந்தது. ‘இனிமேல் நடக்காது சாப்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஒரு அமர்வு இருக்கிறது. அங்கே போடலாம் என்று முடிவானபோது பேப்பர்களைப் படிக்கிற வேலை என்னிடம் வந்தது. வக்கீல் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு தடவையும் உடம்பு சரியில்லை என்று போட்டுவிடலாம். சித்தப்பா உடனே தலையாட்டி மறுத்துவிட்டார்.

“முதல் தடவை உன் தங்கச்சி பொறந்தாம்மா. ரெண்டாவது எங்கம்மா செத்துச்சு, கருமாதி முடிச்சிட்டுப் போனேன். மூணாவது சும்மா. போகவே மனசு வரல. அதை எப்படி எழுதுவ?”

“குடிச்சது?”

“குடிச்சேன். கார்கில் முடிஞ்சப்புறம் தூக்கம் வராது.”

அந்தக் கடைசி வரியை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கேஸ் மானத்தைப் பற்றியது அல்ல. “அவருக்கு முன்னப்பின்ன ஆச்சுன்னா எனக்குப் பாதி பென்ஷனாவது வரணுமே” என்பாள். மானத்தைவிட அது பெரிய காரணம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உள்ளதை உள்ளபடியே எழுதினோம், மூன்றாவது தடவை உட்பட. இருந்த இடங்களையும் வரிசையாகப் போட்டோம். திராஸ் என்று டைப் அடிக்கும்போது, அங்கே குளிரில் துப்பாக்கி இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்றார். அது மனுவில் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தீர்ப்பாயத்துக்கு ஆறு மாசத்துக்குள் போக வேண்டும். பென்ஷன் என்பது மாசாமாசம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சொன்னபடி, ஜெயித்தாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ பாக்கிதான் பொதுவாகக் கிடைக்கும். மற்றதெல்லாம் போனது போனதுதான். தவிர, இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சட்டம் தெரியாது, பண வசதி இல்லை என்று வக்கீல் வழக்கமான காரணங்களை அடுக்கினார். எல்லாம் உண்மைதான்.

சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வெக்கமா இருந்துச்சுன்னு எழுதும்மா” என்றார்.

அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்றார் வக்கீல். நான் நான்காவது பத்தியில் சேர்த்துவிட்டேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பட்டாளத்துப் பழக்கம், பெயருக்குக் கீழே நம்பரையும் எழுதினார்.