கன்றுக்குப் பிறகே கறவை

சலேர் மாடு பிரான்சின் நடுப்பகுதியில், ஓவேர்ஞ் வட்டாரத்துக் கந்தால் மலைகளில் உருவான இனம். பாலுக்கும் இறைச்சிக்குமாக வளர்க்கப்படுவது. டிராக்டர் வருவதற்கு முன் ஏரிலும் வண்டியிலும் இதையே பூட்டினார்கள். உடல் முழுக்க ஒரே அடர் செம்பழுப்பு நிறம். குளிரையும் மழையையும் தாங்கும் சுருண்ட மயிர். பக்கவாட்டில் விரிந்து மேலே திருகிப் போகும் நீண்ட கொம்புகள். பசு 650 முதல் 850 கிலோ வரை எடை போடும். காளை ஒரு டன்னைத் தாண்டும். இடுப்பெலும்பு அகலம் என்பதால் கன்று ஈனுவதில் சிரமம் குறைவு. ராத்திரி நேரத்தில் மலையில் தனியே ஈன்றுவிட்டுக் காலையில் கன்றோடு வந்து நிற்கும் மாடு என்பதுதான் வளர்ப்பவர்கள் இதற்குச் சொல்லும் முதல் பெருமை.

இனத்துக்குப் பெயர் தந்த சலேர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 950 மீட்டர் உயரத்தில் எரிமலைக் கருங்கல்லால் கட்டிய சிற்றூர். அதன் சதுக்கத்தில் எர்னஸ்ட் திசாந்தியே தெஸ்கூவுக்கு (1813–1889) மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். நல்ல காளைகளைத் தேர்ந்து சேர்த்தும், மாட்டுப் போட்டிகள் நடத்தியும் இனத்தை நிலைப்படுத்தியவர் அவர். மாடு வளர்த்தவருக்கு ஊர் நடுவில் சிலை வைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியமல்ல.

பால் தரும் இனங்களில் சலேருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் மடியில் பால் இறக்காது. ஹோல்ஸ்டீன் போன்ற இனங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இந்தக் குணத்தைக் குறைத்துவிட்டார்கள். சலேரில் அது அப்படியே இருக்கிறது. நாட்டு மாடு வைத்திருந்த தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து மாட்டின் முன் நிறுத்திக் கறந்த ஊர் இது. பசுவின் உடலில் நடப்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: கன்று முட்டி உறிஞ்சும்போது ஆக்சிடோசின் சுரந்து, மடியின் உள்ளறைகளில் தேங்கிய பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது.

ஆகவே சலேர் பசுவைக் கறக்க ஓர் ஆள் போதாது. ஒருவர் கன்றுப் பட்டியின் வாசலில் நின்று ஒவ்வொரு கன்றாகத் திறந்துவிட, அது நேரே தாயிடம் ஓடுகிறது. நான்கு காம்பிலும் மாறி மாறி வாய் வைக்கிறது. நுரை கட்டியதும் அதை இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். இழுக்கும் ஆளின் முழு பலமும் அந்த இடத்தில் தேவைப்படும்; மூன்று மாதக் கன்று லேசில் காம்பை விடாது. பிறகு கன்றின் முதுகில் ஒரு கை உப்பு தூவுகிறார்கள். பசு அதை நக்கிக்கொண்டே நிற்கும் நேரம்தான் கறவை நேரம். பழைய கறவைக்காரர்கள் ஒற்றைக்கால் இருக்கையை இடுப்பில் வாரால் கட்டியிருப்பார்கள்; எழுந்து அடுத்த பசுவுக்கு நடக்கும்போது அது பின்னால் ஆடிக்கொண்டே வரும். இப்போது பெரும்பாலும் மேய்ச்சல் வெளிக்கே இழுத்துச் செல்லும் கறவை இயந்திரம். ஆனாலும் கன்றுக்கும் கயிற்றுக்கும் உப்புக்கும் மாற்று வரவில்லை. கறந்து முடித்ததும் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். மிச்சப் பால் அதற்கு. எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதில்தான் கறப்பவரின் கணக்கு இருக்கிறது. கூடக் கறந்தால் கன்று இளைக்கும், அதாவது இறைச்சி இளைக்கும்.

கறந்த பால், சலேர் என்ற பெயரிலேயே விற்கும் சீஸாக மாற, சூடாறும் முன்பே ‘ஜெர்ல்’ எனப்படும் பெரிய மரத்தொட்டிக்குப் போகிறது. காய்ச்சுவதில்லை, வெளியிலிருந்து உறை சேர்ப்பதும் அவசியமில்லை. மரத்தின் உட்சுவரில் படிந்து வாழும் லாக்டிக் பாக்டீரியாக்களே புளிப்பைத் தொடங்கிவைக்கின்றன. அதனால் தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்ப்பதில்லை. இந்த மரத்தொட்டி சுகாதாரக் கேடு என்று அதிகாரிகள் ஒருகாலத்தில் முகம் சுளித்தார்கள். அந்தப் பாக்டீரியாப் படலம் லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு தொட்டி பிழைத்தது.

ரென்னட் சேர்த்துச் சுமார் ஒரு மணி நேரத்தில் பால் உறைகிறது. கட்டியை வெட்டி, தெளிநீரை வடித்து, திரும்பத் திரும்ப அழுத்திப் புரட்டுகிறார்கள். அழுத்துபலகை மீது முழங்காலை ஊன்றி உடல் பாரத்தையே எடையாக வைத்தது முன்னோர் வழக்கம். அழுத்திய கட்டியைப் புளிக்கவிட்டு, பிறகு பொடித்து உப்பு கலந்து, அச்சில் போட்டு மறுபடி அழுத்தம். ஒரு வட்டு 30 முதல் 50 கிலோ. ஒரு கிலோவுக்குச் சுமார் பத்து லிட்டர் பால். குறைந்தது மூன்று மாதம் நிலவறையில் திருப்பித் திருப்பித் துடைத்து வைக்க வேண்டும்.

இந்தச் சீஸைச் செய்ய ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரைதான் அனுமதி. மாடு மேய்ச்சலில் இருக்க வேண்டும், பால் அந்தந்தப் பண்ணையுடையதாக இருக்க வேண்டும். 2022 கோடையில் வறட்சியால் புல் கருகியபோது உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

முன்பு இவ்வளவும் மலைமேல் நடந்தது. மே கடைசியில் மந்தை ஏறினால் அக்டோபரில்தான் இறங்கும். பலகைக்கல் கூரை வேய்ந்த ‘பியூரோன்’ என்னும் கல்வீட்டில் மூன்று நான்கு ஆண்கள் தங்கினார்கள். சீஸ் செய்யும் தலைவர் ‘கந்தலேஸ்’, அவருக்கு ஓர் உதவியாள், கன்றுகளைப் பார்க்கும் பையன், மேய்ப்பவர். வடித்த தெளிநீரைக் குடிக்கப் பன்றிகளும் உடன் இருந்தன. இன்று அந்த வீடுகளில் பல இடிந்து கிடக்கின்றன, சில உணவகமாகிவிட்டன.

இரட்டைப் பயன் என்று ஏட்டில் இருந்தாலும் தராசு இறைச்சிப் பக்கம் சாய்ந்து வெகுகாலமாகிறது. பிரான்சில் உள்ள சலேர் பசுக்களில் கறக்கப்படுபவை மிகச் சிறு பங்கே; மற்றவை கன்றுக்கு ஊட்டுவதோடு சரி. பலர் சலேர் பசுவுக்கு ஷரோலே என்னும் இனத்துக் காளையைச் சேர்த்து, சதைப்பிடிப்பான வெளிர்நிறக் கலப்புக் கன்றை எடுக்கிறார்கள். அவற்றில் பல கொழுக்க வைக்க இத்தாலிக்குப் போகின்றன. இருவர் சேர்ந்து காலையும் மாலையும் கன்றோடு மல்லுக்கட்டிக் கிடைக்கும் பால், ஆண்டுக்கு ஹோல்ஸ்டீன் தருவதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. கணக்குப் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. விளைவு விசித்திரமானது: சலேர் என்ற பெயரில் விற்கும் சீஸில் பெரும்பகுதி வேறு இன மாடுகளின் பால், விதி அதை அனுமதிக்கிறது. சலேர் பசுவின் பால் மட்டுமே சேர்ந்த வட்டு வேண்டுமென்றால் ‘திராதிசியோன் சலேர்’ என்ற முத்திரையைத் தேடி வாங்க வேண்டும். அதைச் செய்யும் பண்ணைகள் மிகச் சிலவே.