இரண்டு பேர் கணக்கு

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். எட்டியாந்தோட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் தோட்டப் பாதையில், இறப்பர்ப் புகைக்கூடத்தைத் தாண்டும் வளைவில், காரின் முன்பக்கத்திலிருந்து "கடக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கல்லில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு முறை கேட்டது. ஒரு கிழமைக்குள் அது பாதை நெடுகிலும் எங்களோடு பேசிக்கொண்டே வரத் தொடங்கிவிட்டது. "இது ஒங்கட முழங்கால்ட சத்தம் மாதிரி ஈக்குது" என்றாள் மனைவி.

கார் 2001இல் ஜப்பானில் செய்த டொயோட்டா கொரொல்லா. எங்கள் நாட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, '121' என்றால் போதும். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. மாதம் ஒரு முறை மனைவியைக் கரவனல்லை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் மேட்டுக்கு பஸ் வராது. அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த நாட்களை ஞாபகப்படுத்த வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த கார்களெல்லாம் வயது கூடக் கூட விலையும் கூடின. மனிதருக்கு நடக்காத அதிசயம். அதற்கிடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவுக்குச் சற்று மேலே நின்ற டொலர் மே மாதத்தில் முந்நூற்று அறுபது வரை போனது. அதன் பிறகு எந்தக் கராஜில் எந்த விலையைச் சொன்னாலும் "டொலர் சேர்" என்ற இரண்டு சொல்லில் கேட்பவரின் வாயை அடைத்துவிட முடிந்தது. அடுத்த வருட நடுவில் டொலர் முந்நூறு அளவுக்கு இறங்கியபோது அந்தச் சொல் மட்டும் இறங்கவில்லை.

நான் போன கராஜ் பிரதான வீதியில் இருக்கிறது. கண்ணாடி அறை, குளிரூட்டி, சுவரில் பெரிய கலண்டர். காரை உயர்த்தி ஒரு பையன் கீழே போய்ப் பார்த்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அச்சடித்த தாளில் கணக்கு வந்தது: முன் ஷொக் அப்சோபர் இரண்டு, லோவர் ஆம் இரண்டு, ஸ்டியரிங் ரெக் முழுசாக ஒன்று, கூலி வேறு. மொத்தம் ரூபா 285,000. என்னுடைய ஐந்து மாத ஓய்வூதியத்துக்கு மேல்.

"கொஞ்சம் குறைக்க ஏலாதா?" என்றேன்.

உரிமையாளர் தாளைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வாகனம் என்று சொன்னீங்க. அந்த மலைப் பாதையில ரெக் கழன்றா என்ன நடக்கும் சேர்?"

அவர் எந்த இனத்தவர் என்று அறிய விரும்பும் வாசகர் இருக்கக்கூடும். சொல்ல மாட்டேன். விலைச்சீட்டுக்கு இனம் கிடையாது.

விலை சொல்லுமுன் ஆளைப் பார்க்கிற அந்தக் கண் எனக்குப் புதியதல்ல. என் வாப்பா பொட்டணி வியாபாரி. புடவையை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெஹியோவிட்டையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வரைக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியவர். காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கடன் சம்பள நாளில் வசூலாகும். சில நேரம் ஐந்தாறு சம்பளம் ஆகும். காத்திருப்பதற்கும் வராமல் போகிற கடனுக்குமாகச் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும் என்பார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் வயதான காலத்தில் ஒருநாள், நான் கேட்காமலே, "கல்யாணப் பொடவைக்கி வாரவங்கள்ட்ட மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லீக்கிறேன், அவங்க வேணாண்டு போக மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். கராஜ்காரர் என் மனைவியைப் பார்த்தபோது அந்தத் தஸ்பீஹ் மணிகள்தாம் நினைவுக்கு வந்தன.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழ் லயத்தில் ஒரு பையன் முச்சக்கர வண்டிகள் திருத்துகிறான் என்று பால்காரர் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அவிசாவளையில் ஒரு பாஸிடம் நான்கு வருடம் வேலை பழகியவன், ஊரடங்குக் காலத்தில் வீடு திரும்பி லயத்துக் கோடியில் ஒரு தகரக் கூரையைப் போட்டுக்கொண்டான். அவனுடைய அம்மா அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்.

அவன் முதலில் காரைத் தொடவே இல்லை. "நீங்க ஓட்டுங்க சேர்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டு அந்த வளைவு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். பிறகு போனட்டின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விட்டான். கார் ஒரு முறை எழும்பி நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடியது. ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினான். ஜெக் வைத்து டயரைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், ஆட்டமில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினான், "கடக்". அதே சத்தம், இப்போது என் காதுக்கு ஒரு முழ தூரத்தில்.

"ரெக்கு நல்லாத்தான் இருக்கு சேர். ரெக் எண்டும் டை ரொட் எண்டும்தான் போயிருக்கு. லோவர் ஆமும் நல்ல இரும்பு. புஷ் மட்டும் வெடிச்சிருக்கு. லேத்துல குடுத்து அமுக்கிப் போட்டுக்கலாம். ஷொக்கு ரெண்டும் மாத்தத்தான் வேணும், அதுல பொய்யில்ல."

அந்தக் கடைசிச் சொற்களால்தான் அவனை நம்பினேன். கராஜ்காரர் சொன்னதில் உண்மையான பகுதியையும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

சாமான் வாங்க நானே கொழும்புக்கு பஸ் ஏறினேன். மருதானையில் இறங்கிப் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். அந்த இடத்தைப் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு காரைக் கழற்றித் தெரு நீளத்துக்குப் பரப்பி வைத்தால் எப்படி இருக்கும்? ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்ததில் விளக்குகள், அதற்கடுத்ததில் கூரை வரைக்கும் கியர்ப்பெட்டிகள். ஜப்பானில் கழற்றப்பட்டு வந்த பழைய சாமானும் பெட்டியில் வந்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே ஒரு பொருளுக்கு ஒரு விலை இல்லை, நாட்டுக்கொரு விலை. "ஜப்பானா, தாய்லாந்தா, தாய்வானா, சைனாவா?" என்றுதான் முதல் கேள்வி. ஒரே ரெக் எண்டுக்கு நான்கு விலை கேட்டேன். கடைசி விலை முதல் விலையில் நாலிலொன்று.

நான்காவது கடைக்காரர் நம்மவர். "வாங்க ஹாஜியார்" என்றார். நான் ஹஜ் செய்தவனல்ல. பஞ்சிகாவத்தையில் வெள்ளைத் தாடிக்கு அந்தப் பட்டம் இலவசம். என் காரின் செசி இலக்கத்தைக் கணினியில் தட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் உரிய எண்ணைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். டொயோட்டா எண் பத்து இலக்கம். முதல் ஐந்து என்ன பாகம் என்று சொல்லும், அடுத்த ஐந்து எந்த வாகனத்துக்கு என்று சொல்லும். 48510 என்று தொடங்கினால் வலப்பக்க முன் ஷொக், 48520 இடப்பக்கம். 45503 ரெக் எண்ட், 45046 டை ரொட் எண்ட். "இந்தத் துண்டக் கொண்டு போய் எந்தக் கடையிலயும் கேளுங்க. பேரச் சொல்லிக் கேட்டா வேற ஒன்டத் தருவாங்க, நம்பரச் சொன்னா ஏமாத்த ஏலாது" என்றார். முப்பத்தொரு வருடம் கரும்பலகையோடு வாழ்ந்த எனக்கு அது ஒரு நல்ல பாடமாகவே பட்டது.

பழைய ரெக் எண்ட் மலிவாக இருந்தது, கேட்டேன். அவர் ஒன்றை எடுத்து, பளபளப்பாகத் துடைத்திருந்த பக்கத்தை விட்டு, தேய்ந்திருந்த மூட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். "ஷொக், எண்ட், பிரேக் சாமான், இதெல்லாம் பழசு எடுக்காதீங்க. கதவு வேணுமா, கண்ணாடி வேணுமா, அது எடுங்க." நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்த வியாபாரியைப் பற்றிய ஹதீஸை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறேன். நனைந்ததை எடுத்து மேலே வைக்கிற ஒருவரைக் கண்ணால் கண்டது அங்கேதான். அவரிடமே வாங்கினேன். விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட.

இதோடு நிறுத்தினால் நான் நல்ல மனிதனாகத் தெரிவேன். ஆனால் கண்ணாடி என்று அவர் சொன்னதும் ஆசை பிறந்தது. என் காரின் இடப்பக்கக் கண்ணாடி போன வருடமே உடைந்து, நாடா ஒட்டி வைத்திருந்தேன். குறுக்குச் சந்து ஒன்றில் நின்ற இளைஞன் ஒருவன் 121க்குரிய முழுக் கண்ணாடியை ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னான். கடைகளில் பதினைந்துக்குக் குறையவில்லை. கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். திருடர்களுக்குப் பயந்து கண்ணாடியில் வாகன இலக்கத்தைப் பொறித்து வைப்பது நம் நாட்டு வழக்கம். அதிலும் பொறித்திருந்தது. யாரோ உரசி அழிக்கப் பார்த்திருந்தார்கள். "கண்ணாடிய மட்டும் மாத்திக்கலாம் அங்கிள், கூடு புதுசு மாதிரி" என்றான்.

உடனே திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத முடியவில்லை. வெகுநேரம் வைத்திருந்தேன். ஒன்பதாயிரம் ரூபா மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான் என்றது. என்னைத் தடுத்தது தக்வா என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். உரசலுக்கடியில் முதல் இரண்டு எழுத்துகள் இன்னும் தெரிந்தன. எஸ், ஜீ. சப்ரகமுவ மாகாணம். கேகாலைக்காரனோ இரத்தினபுரிக்காரனோ, எங்களைப் போல ஏதோவொரு மேட்டில் நாடா ஒட்டிக்கொண்டு திரிகிற ஒருவன். கொழும்பு எழுத்தாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை அல்லாஹ் அறிவான்.

வேலை இரண்டு நாள் நடந்தது. மழை வேறு. பையன் தார்ப்பாயின் கீழ் சேற்றில் மல்லாந்து கிடந்தான். புஷ்ஷை அமுக்க அவனே லோவர் ஆம் இரண்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு எட்டியாந்தோட்டை லேத்துக்குப் போய் வந்தான். முடிந்ததும், "டவுனுல வீல் எலைன்மென்ட் பண்ணிக்கங்க சேர். எங்கிட்ட மெஷின் இல்ல. பண்ணாட்டி டயர் தேஞ்சிரும்" என்றான். வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். சத்தமில்லை.

"எவ்வளவு தம்பி?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "ரெண்டு பேரு கணக்குப் போட்டுக் குடுங்க சேர்."

தோட்டத்துப் பாஷையில் பேர் என்றால் செக்ரோலில் விழுகிற பெயர், அதாவது ஒரு நாள் சம்பளம். நிறுவை குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் ஆயிரம் ரூபா, அந்த வருடமும் அதுதான். இரண்டாயிரம் ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். அவன் இரு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு கொப்பியை எடுத்துக் கணக்கு எழுதினேன். ஷொக் 52,000. ரெக் எண்ட் 11,000. டை ரொட் எண்ட் 9,000. புஷ் 8,400. லேத் 2,000. எலைன்மென்ட் 3,500. பஸ்ஸும் சாப்பாடும் 1,600. கூலி 2,000. கூட்டினால் 89,500. கராஜ்காரரின் தாளை அதன் பக்கத்தில் வைத்து, மிச்சம் 195,500 என்று இரண்டு கோடு போட்டேன். மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லேத்துக்காரனுக்கும் ரெண்டாயிரம், அந்தப் புள்ளக்கும் ரெண்டாயிரமா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கிளினிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

லேத்துக்காரன் அரை மணி நேரம் இயந்திரத்தை அமுக்கியவன். எனக்குத் தூக்கம் வரவில்லை. கராஜ்காரர் என் பயத்துக்கு விலை போட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தேன். தன் கைக்கு என்ன விலை என்று தெரியாத ஒருவனிடம் நான் வாயைத் திறக்காமல் இலாபம் பார்த்திருந்தேன். அவன் கேட்டதைத்தானே கொடுத்தேன் என்று ஒரு வாதம் இருந்தது. அது வாப்பாவும் சொல்லக்கூடியதுதான். வாங்க வந்தவன் வேண்டாம் என்று போகவில்லையே.

மறுநாள் காலை எட்டாயிரத்தைக் கடித உறையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். பையன் இல்லை. அவனுடைய அம்மா பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும், "பொடவ மூட்ட கொண்டாருவாரே, அந்த நானாவோட மகனுங்களா?" என்றார். ஆமென்றேன்.

"எங்க பெரியம்மா இந்தியாவுக்குப் போறன்னிக்கு ஒங்க வாப்பாவத் தேடிக்கிட்டு றோட்டுல நின்னிச்சு. நான் சின்னப் புள்ள. கல்யாணப் பொடவக் காசுல கொஞ்சம் பாக்கியாம். குடுக்காமக் கப்பலேறக் கூடாதுன்னு லொறிய நிப்பாட்டி வச்சிருந்திச்சு."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பழைய நல்ல கதை ஒன்றைச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் உறையைத் திண்ணையில் வைத்தேன். பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் எழுதித் தந்த துண்டையும் அதற்குள் போட்டிருந்தேன்.

பின்னேரம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். "கணக்குக் கூடுது சேர்" என்று உறையை நீட்டினான். கூடவில்லை, கூலி என்பது வேறு, பேர் என்பது வேறு, நீ அவிசாவளையில் பழகிய நான்கு வருடமும் அதற்குள் வர வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். அவன் பாதிதான் கேட்டான். அவனுடைய கண் அந்தத் துண்டில் இருந்தது. "இந்த நம்பரு எல்லா டொயோட்டாவுக்கும் இப்படித்தானா சேர்?"

இப்போது அவனிடம் இரண்டு பேர் வேலை பழகுகிறார்கள். அச்சடித்த பில் புத்தகமும் வந்துவிட்டது. 2025 நடுவில் எங்கள் காரின் தண்ணீர்ப் பம்ப் ஒழுகியபோது அவனிடமே விட்டேன். சாமானை எண் சொல்லி அவனே வரவழைத்திருந்தான். பழைய பம்பைப் புதிய பெட்டிக்குள் போட்டு என் கையில் தந்தான், மாற்றியதற்குச் சாட்சியாக. பில்லைப் பார்த்தேன். கூலி என்ற இடத்தில் 9,500 என்று எழுதியிருந்தது.

"கொஞ்சம் குறைக்க ஏலாதா தம்பி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

அவன் சிரித்தான். பேனையை எடுக்கவில்லை.