மதிலுக்குப் பின்னால் இருப்பது

கொரட்டூர் ஏரிக்கரையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைகளில் புகைப்படம் சொல்லித் தருகிறேன். கருவி, அவரவர் வீட்டுச் செல்போன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் இங்கே வரும். இங்கிருந்து ரெட்டேரிக்குப் போகும். பக்கத்திலேயே 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. மழைநீர் வரவேண்டிய கால்வாயில் கழிவுநீரும் வருகிறது என்று இந்த ஊர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அறிவியல் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதல் பாடம் வெள்ளைத் தாள். செல்போன் தன் இஷ்டத்துக்குப் பச்சையைக் கூட்டிக் காட்டும். வெயிலில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் வேறு நிறம். தாளையும் சேர்த்து எடுத்தால்தான் தண்ணீரின் நிறத்தைப் பிறகு சரிபார்க்க முடியும். நுரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். நோட்டில் தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள். நுரையைக் கண்டதும் ‘ரசாயனம்’ என்று எழுத விடமாட்டேன். சோப்புத் தண்ணீரும் நுரைக்கும், மக்கும் இலைதழையாலும் நுரை வரும்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரவு முழுக்கப் பாசியும் செடிகளும்கூட நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மதியம் அதே இடத்தில் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். இரண்டு படமும் உண்மை. எதைச் சுவரில் மாட்டுவது? இரண்டையும் நேரம் எழுதி அருகருகே மாட்டுவது என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஆனால் எல்லாப் படங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. கரையோரத்துச் சின்ன வீடுகள், அவற்றிலிருந்து நீளும் பிளாஸ்டிக் குழாய், துணி துவைக்கும் ஒரு அம்மா, பாலிதீன் பைகள். தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை. அதற்கு மதில் இருக்கிறது, காவலாளி இருக்கிறார். நீரில் கரைந்த உலோகம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், இதைப் பார்க்கிறவங்க இவங்கதான் ஏரியைக் கெடுத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? வீட்டை இடிக்க வந்தா?” செல்போன் படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிந்திருக்கலாம். அந்தப் பயம் நியாயமானது. மதில் இல்லாதவர்தான் கேமராவுக்கு முதலில் அகப்படுகிறார்.

மினமாட்டாவைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மனிதருக்குள் போனது. பாதரசத்தைப் படமெடுக்க முடியாது. புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971-ல் அது சிதைத்த ஓர் உடலைப் படமெடுத்தார். தாய் தன் மகள் தோமோகோவைக் குளிப்பாட்டும் அந்தப் படம் உலகத்தை உலுக்கியது. 1977-ல் தோமோகோ இறந்தாள். அவளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். அதை மதித்து, 1990களின் இறுதியில், யூஜினின் மனைவியாக இருந்தவரும் படத்தின் உரிமையாளருமான ஐலீன் ஸ்மித் அந்தப் படத்தை வெளியிடுவதை நிறுத்தினார். அப்படி நிறுத்தியது சரியா என்று பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை. தூய்மைப் பணியாளர்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுக்கும் எம். பழனி குமாரின் படங்களையும் காட்டினேன். அவர் படத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையும் கூடவே வருகிறது.

இப்போது வேறு வழியில் வேலை செய்கிறோம். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் அம்மோனியா சோதனைக் குப்பியில் ஏரித்தண்ணீரை ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறியதும் வண்ண அட்டைக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கிறோம். மஞ்சள் பச்சையாகும், பச்சை அடர்ந்தால் அம்மோனியா அதிகம். கால்வாய் ஏரியில் சேரும் இடம், ஏரியின் நடுப்பக்கம், மறுகரை என்று ஒரே வெளிச்சத்தில் எடுத்த குப்பிகளை வரிசையாக வைக்கிறோம். யாருடைய முகமும் தேவைப்படவில்லை. உலோகத்தைக் கண்டுபிடிக்க இந்தக் குப்பி போதாது, ஆய்வகம்தான் வேண்டும் என்பதையும் அந்தப் படங்களுக்குக் கீழே பிள்ளைகள் எழுதுகிறார்கள். துணி துவைத்த அம்மாவிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஏரியில் முன்பு என்னென்ன மீன் கிடைத்தது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டியல் நீண்டது, ஒரு பையன் நோட்டை எடுத்துக்கொண்டான்.