விதையும் மூலதனமும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறிக் கரியாலூரை அடைந்தோம். சாரலுக்கு அஞ்சிச் சால்வையுடன் சென்ற நம்மை வெயில்தான் வரவேற்றது. சாலையோரச் சரிவில் ஒரு மூதாட்டி சாமை விதைத்துக் கொண்டிருந்தார்.

"மழையைக் காணோமே, பாட்டி! விதை வீணாகாதா?" என்று வினவினோம்.

"வீணாப் போனாலும் போகும், சாமி. அதுக்காக வீட்டிலேயே வச்சிருந்தா முளைச்சிடுமா?" என்றார் அவர், கையை நிறுத்தாமலே.

இவ்வார்த்தையைக் கேட்டதும் நம் நினைவுக்கு வந்தவர் ஸ்ரீமதி அஞ்சலி பன்சால். அவரும், விளையுமோ விளையாதோ என்று பிறர் தயங்கும் நிலத்தில் விதைப்பவரே. அவர் கையிலுள்ள விதை மூலதனம்.

பொறியியல் கற்று, அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் மேற்படிப்பு முடித்த இவ்வம்மையார், மெக்கின்ஸி ஸ்தாபனத்தில் ஆலோசகராகவும், டி.பி.ஜி. என்னும் பெரிய முதலீட்டு ஸ்தாபனத்தில் பங்காளியாகவும் பணியாற்றினார். 2018-இல், நெருக்கடியிலிருந்த தேனா வங்கிக்கு இந்திய சர்க்கார் இவரைத் தலைவராக நியமித்தது. அவ்வங்கி 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி பரோடா வங்கியுடன் இணைந்தது. இத்தனை உயர்ந்த பதவிகளைக் கண்டவர், சொந்தமாக நடத்த முன்வந்தது அவானா காபிடல் என்னும் ஸ்தாபனம். புவி வெப்பமுறுவதைத் தணிக்கவும், அதன் தீங்கைத் தாங்கவும் புதுக் கருவிகள் செய்யும் இளம் கம்பெனிகளுக்கு அது மூலதனம் அளிக்கிறது.

2023 அக்டோபரில், நமது சிறுதொழில் வளர்ச்சி வங்கியின் மூலமாக, பசுமைப் பருவநிலை நிதியம் என்னும் சர்வதேச ஸ்தாபனம் இவருடைய நிதிக்கு 2 கோடியே 45 லட்சம் டாலர் அளிக்கச் சம்மதித்தது. உலகத்தாரின் பொதுப் பணத்தை ஒரு பாரதப் பெண்மணியின் நிர்வாகத்தில் நம்பி ஒப்படைத்ததென்றால், நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

ஆயினும், பெருமையோடு நின்றுவிட முடியவில்லை. இத்தகைய நிதிகள் ஒரே கம்பெனியில் பணத்தைப் போடுவதில்லை. பலவற்றில் பகிர்ந்து போடுகின்றன. சில அழியும், ஓரிரண்டு செழித்து, அழிந்தவற்றின் நஷ்டத்தையும் ஈடு செய்யும். துணிவு மட்டுமன்று, நஷ்டத்தைப் பலர் தலையில் பரப்பி வைக்கும் ஏற்பாடும் அத்தொழிலின் ரகசியம்.

கரியாலூர்ப் பாட்டிக்குத் துணிவு இருக்கிறது, ஏற்பாடுதான் இல்லை. அவருக்கு இருப்பது ஒரு சரிவு, ஒரு பருவம், ஒரு மூட்டை விதை. தவறினால் முழு நஷ்டமும் அவர் தலையிலேயே விழும். புகை கக்கும் ஆலை எதையும் அவர் நடத்தியவரல்லர். பருவம் பிறழ்ந்ததற்கான அபராதத்தை மாத்திரம் அவர் கட்டுகிறார்.

லாபம் காட்ட வேண்டிய மூலதனம் தானாக இந்த மலை ஏறாது. அதைக் குறை கூறவும் இயலாது. ஆனால் அதன் வித்தையை நாம் கற்கலாமே! ஊர்தோறும் பொது விதைக் களஞ்சியம், விதைப்புக்கு முன் நம்பத்தக்க மழைச் செய்தி, அலையவிடாத பயிர் இன்ஷ்யூரன்ஸ் ஆகிய மூன்றும் நஷ்டத்தைப் பகிரும் வழிகளே. இவற்றைச் செய்ய டாலர்கள் வேண்டியதில்லை. சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் மனம் வைத்தால் போதும்.

மலையிறங்கும்போது பெருந்துளிகள் சில விழுந்தன, உடனே நின்றுவிட்டன. பாட்டியின் விதை முளைத்ததோ இல்லையோ, நாம் அறியோம்.