வெளிக்கிடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

நவம்பர் மாதத்தில் ஸ்காபரோவின் ரயர் கடைகளில் ஆறுதலாகக் கதைக்க யாரும் அகப்படமாட்டார்கள். முதல் பனி கொட்டிய மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். கடை திறக்குமுன்னரே வாகனங்கள் தெருவரை நிற்கும். நான் போன கடையில் வேலை செய்பவர்கள் மூவர், எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய பிக்கப் சில்லு ஒன்று றிம்மோடு முப்பது கிலோவைத் தாண்டும். அதை நாள் முழுக்கத் தூக்கி இறக்குகிறார்கள். தை பிறந்தால் வேலை படுத்துவிடும், மணித்தியாலமும் குறையும்.

மூத்தவர் கையுறையைக் கழற்றிவிட்டு, புது ரயர் ஒன்றின் இறப்பர் கட்டைகளில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். கட்டையின் மேல் தாள் தடிப்பில் கீறிய வெட்டுகள் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று தேடுகிறார். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகள்தான். பிறகு பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைப் பார்க்கிறார். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது.

பிக்கப்போடு வந்த இளைஞருக்கு, எந்தத் தரையிலும் ஓடும் ஓல் ரெறெய்ன் ரயர்தான் வேண்டும். “அண்ணை, இதிலை எம்+எஸ் எண்டு போட்டிருக்குதானே, பனிக்குக் காணாதோ?”

“அது கட்டைக்கு நடுவிலை இடைவெளி விட்டா ஆரும் போடலாம் தம்பி. மலைப்படம் இருக்கோ எண்டு பார்.”

மூன்று முகட்டு மலைக்குள் ஒரு பனித்துகள்: 1999இல் வட அமெரிக்க ரயர்த் தொழில்துறை கொண்டுவந்த குறி அது. சேறும் பனியும் என்று பொருள்படும் எம்+எஸ் எழுத்துக்குச் சோதனை எதுவும் இல்லை. மலைக்குறிக்கு உண்டு, இறுகிய பனியில், ஒப்பீட்டு ரயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாக இழுக்கவேண்டும். பிஎஃப் குட்றிச் கேஓ2, ஃபல்கன் வைல்ட்பீக் ஏடி3டபிள்யூ போன்ற ஓல் ரெறெய்ன் ரயர்கள் இந்தக் குறியைப் பெற்றவை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். மலைக்குறி இருந்தால் அங்கே சட்டத்துக்குக் காணும். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதியில் கழிவு மட்டும் 2016 முதல் உண்டு.

ஆனால் அந்தச் சோதனை அளப்பது இழுவையை. பிறேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும், கண்ணாடி போல உறைந்த சந்தியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் வராது. மூத்தவர் இதை ஒரே வரியில் முடித்தார்: “வெளிக்கிடுறதுக்குத்தான் அந்தச் சோதினை, நிப்பாட்டுறதுக்கில்லை.” நாலு சில்லும் இழுக்கும் வாகனம் என்ற தைரியத்துக்கும் அதே பதில்தான்.

தனிக் குளிர்கால ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழும் இளக்கமாகவே இருக்கும். ஓல் ரெறெய்ன் ரயரோ முதலில் கல் வெட்டுவதற்குத் தாக்குப்பிடிக்கச் செய்தது. கட்டை பெரிது, இடைவெளி அகலம்; ஐஸில் படும் இறப்பர் குறைவு. வடக்கே ஹாலிபேர்ட்டன் பக்கம், கிரவல் தெருவில், வழிக்காத ஆழப்பனியில் அது ராசா. உப்புப் போட்டு வழித்த 401 நெடுஞ்சாலையில் அதனால் மிஞ்சுவது இரைச்சலும் பெற்றோல் செலவும். ஸ்காபரோவில் ஓடும் முரட்டு ரயர்களில் பாதி அழகுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. மூத்தவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இளைஞருக்கு வேலை மிசிசாகாவில். வடக்கே போவது எப்போதாவது. தனி இரும்பு றிம்மில் குளிர்கால ரயர், சித்திரைக்குப் பிறகு ஓல் ரெறெய்ன் என்பது மூத்தவரின் யோசனை. விலையைக் கூட்டிப் பார்த்த இளைஞர் மலைக்குறி போட்ட ஓல் ரெறெய்னிலேயே நின்றார். பாரம் இழுக்காத வண்டிக்குப் பத்துப்படை ரயர் வேண்டாம், உடம்பு குலுங்கும் என்று சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

வேலை செய்பவர்களில் இளையவர் அச்சில் ஏறியிருந்த துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்தார்; துரு இருந்தால் சில்லு சரியாகப் பதியாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். காற்றைக் கொஞ்சம் கூட்டியே அடித்தார்: வெப்பம் 5, 6 பாகை இறங்கினால் 1 பிஎஸ்ஐ இறங்கும், வெளியே குளிர் காத்திருக்கிறது.

“நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு கொண்டா, நட்டு இன்னொருக்கால் இறுக்கவேணும்” என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, மூத்தவர் அடுத்த கொறோலாவை உள்ளே வரச் சொன்னார்.