அண்ணன் கரை, தம்பி கரை

ஜெர்மனியில் ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 24,000தான். ரயிலில் நேரே போக முடியாது. நூரம்பர்க்கிலிருந்து எர்லாங்கன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லும் காலணி ஒரு ஜோடியாவது உங்கள் வீட்டு வாசலில் இருக்கும். ஊரின் பெயர் ஹெர்சோகனாவ்ராக். அடிடாஸ், பூமா இரண்டுக்கும் தாய்வீடு இதுதான்.

மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், இரண்டு பழங்காலக் கோபுரங்கள், ரொட்டிக்கடைகள், அவ்ராக் என்ற சிற்றாறு. பார்த்தால் பவேரியாவின் மற்ற ஊர்களைப் போலத்தான். ஆனால் ஒரு காலத்தில் அந்த ஆறுதான் இங்கே எல்லைக்கோடு.

கதை அம்மாவின் சலவை அறையில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு டாஸ்லர் வீட்டின் கடைசி மகன் அடால்ஃப் அங்கே காலணி செய்ய ஆரம்பித்தார். வீட்டில் கூப்பிடும் பெயர் அடி. தமிழில் பாதம் என்றும் பொருள், பொருத்தம்தான்! விற்பனையில் கெட்டிக்காரரான அண்ணன் ரூடால்ஃப் சேர்ந்துகொள்ள, 1924இல் கூட்டு நிறுவனம் பதிவானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடியது இவர்களின் காலணியில்தான்.

பிறகு உறவு கசந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். போருக்குப் பின் அமெரிக்கப் படை அண்ணனைத் தடுப்புக்காவலில் வைத்தபோது, தம்பிதான் காட்டிக்கொடுத்தார் என்று அவர் சந்தேகப்பட்டார். குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிய இரவில் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு வார்த்தைதான் காரணம் என்றும் ஒரு கதை உண்டு. 1948இல் பாகம் பிரித்தார்கள். ஆற்றின் ஒரு பக்கம் அடிடாஸ், மறுபக்கம் பூமா.

ஊரும் சேர்ந்தே பிரிந்தது. கடைகள், மதுக்கூடங்கள், காற்பந்துக் குழுக்கள் எல்லாவற்றிலும் இரு அணி. எதிரே வருபவரின் முகத்துக்கு முன் காலணியைப் பார்ப்பார்களாம். அதனால் ‘குனிந்த கழுத்துகளின் ஊர்’ என்ற பட்டப்பெயர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் விளையாட்டு வீரர்களுக்கு! இரு நிறுவனமும் போட்டி போட்டு அவர்களை வளைத்தன. 1990இல் உலகக் கிண்ணம் வென்ற ஜெர்மனியின் தலைவர் லோத்தார் மத்தேயுஸ் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். அவருடைய தந்தை பூமா ஊழியர்.

இதே ஊரில் இன்னொரு அண்ணன் தம்பியும் இருந்தார்கள். வில்ஹெல்ம், கியோர்க் ஷேஃப்ளர். 1946இல் இங்கே தொழில் தொடங்கி, கார்களுக்கான பேரிங் செய்து உலகப் பெருநிறுவனமாக வளர்ந்தார்கள். அவர்கள் பிரியவில்லை. அதனாலோ என்னவோ, அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இன்று காலணிகள் பெரும்பாலும் வியட்னாமிலும் இந்தோனேசியாவிலும் தைக்கப்படுகின்றன. ஊரில் இருப்பது தலைமையகங்களும் தள்ளுபடிக் கடைகளும். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனியில் அன்று கடைகள் மூடியிருக்கும்.

2009 செப்டம்பர் 21ஆம் தேதி இரு நிறுவன ஊழியர்களும் சேர்ந்து ஒரு நட்புக் காற்பந்தாட்டம் ஆடினார்கள். அதைப் பார்க்க அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ரூடால்ஃப் 1974இலும் அடி 1978இலும் காலமாகிவிட்டார்கள். இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் இந்தக் கோடியில், மற்றவர் அந்தக் கோடியில்.

கடைக்குப் போய்விட்டு நேரம் இருந்தால் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். உடன்பிறந்தவர்களோடு பயணம் போயிருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு.